கை நல வாரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவர் படித்துப் பட்டம் வாங்கினார் என்றால் அதற்கு மூன்று பேர் பொறுப்பு. பாடம் நடத்தியவர் ஒருவர். விடைத்தாளைத் திருத்தியவர் இன்னொருவர். மூன்றாவது ஆள் முத்திரையக்கா. முதல் இரண்டு பேரின் உதவியும் இல்லாமல் எத்தனையோ பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். முத்திரையக்கா இல்லாமல் ஒருவர்கூடப் போனதில்லை.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. பத்தொன்பது வருடமாகத் தேர்வுப் பிரிவின் கோடி அறையில் உட்கார்ந்து, சான்றிதழ்களில் பல்கலைக்கழகத்தின் புடைப்பு முத்திரையைப் பதிப்பது அவள் வேலை. அதனால் துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவள் முத்திரையக்காதான். எதிர் மேசை என்னுடையது. நான் தபால் எழுத்தர். உள்ளே வரும் கடிதத்துக்கு ஒரு எண்ணும் வெளியே போகும் கடிதத்துக்கு ஒரு எண்ணும் போடுவதற்கு எனக்குச் சம்பளம். கடிதங்களைப் படிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. படிக்காமல் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அந்த விதியில் சொல்லவில்லை. ஆகவே எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.

முத்திரை பதிக்கும் பொறியை நாங்கள் பெரியவர் என்போம். நல்ல வார்ப்பிரும்பு. மேசையோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கைப்பிடி, வாயில் இரண்டு பித்தளைத் தகடுகள். இடக்கையால் காகிதத்தை வாய்க்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கைப்பிடியைக் கடைசி வரை அழுத்த வேண்டும். உள்ளே 'டக்' என்று சத்தம் வந்தால் முத்திரை விழுந்துவிட்டது. வராவிட்டால் காகிதம் பாழ். மறுபடி அச்சடித்து, மறுபடி நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி அழுத்த வேண்டும். அக்கா அழுத்திச் சத்தம் வராமல் போனதாக எனக்கு நினைவில்லை.

என்றோ ஒரு காலத்தில் யாரோ போலிச் சான்றிதழ் அடித்து மாட்டிக்கொண்டானாம். அன்று ஆட்சிக்குழு கூடி இரண்டு விதி செய்தது. பல்கலைக்கழகத்தின் பெயரும் 'சான்றிதழ்' என்ற சொல்லும் இருக்கிற எந்தக் காகிதமும் முத்திரை இல்லாமல் செல்லாது. முத்திரைப் பொறியை ஆட்சிக்குழு நியமித்த ஒரே ஆளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்த ஆள் நீண்ட விடுப்பில் போக வேண்டுமானால் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இன்னொருவர் என்று ஒருவர் இல்லாதபடியால் நீண்ட விடுப்பும் இல்லை. இதையெல்லாம் எழுதியவர் யார் என்று தெரியவில்லை. ஒரு நாளாவது பெரியவரை அழுத்திப் பார்த்தவராக அவர் இருக்க முடியாது.

போன பட்டமளிப்பு விழா முடிந்ததிலிருந்து அக்காவின் வலது பெருவிரல் அடியில் வீக்கம். காலையில் எழுந்தால் விரல் மடங்கினது மடங்கினபடி நின்றுவிடும். இடக்கையால் பிடித்து நிமிர்த்தினால் சொடக்குப் போட்டதுபோல் நிமிரும், கூடவே கண்ணில் தண்ணீரும் வரும். தைலம் தடவினாள், சுடுநீர் ஒற்றடம் கொடுத்தாள், கடைசியில் டாக்டரிடம் போனாள்.

"ஆறு வாரம் இந்தக் கையால எதையும் அழுத்தக் கூடாது. இப்பவே நிறுத்தினா சரியாயிடும். இழுத்தடிச்சீங்கன்னா அப்புறம் இந்த விரல் உங்க பேச்சைக் கேக்காது" என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

அக்கா விண்ணப்பம் எழுதினாள். ஆறு வாரம் மட்டும் கோப்பு அடுக்கும் வேலை கொடுத்தால் போதும், அதுவரை சாவியை வாங்கிக்கொள்ள வேறு ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நாலே வரி. டாக்டர் சீட்டையும் வீங்கிய கையின் படம் ஒன்றையும் இணைத்திருந்தாள். நான்தான் எண் போட்டேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் பணியமைப்புப் பிரிவுக்கு அனுப்பியிருப்பேன். அங்கே இருக்கும் கண்காணிப்பாளர் சிடுமூஞ்சி. ஆனால் சிடுசிடுத்துக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. உடல், வலி, மனம், களைப்பு ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கும் எந்தக் கடிதமும் இனிமேல் 'ஊழியர் நலவாழ்வு மற்றும் திறன் மேம்பாட்டு மைய'த்துக்குத்தான் போக வேண்டும் என்றது அது. அக்காவின் நாலு வரியில் 'வலி' இரண்டு இடத்தில் இருந்தது.

நல மையம் பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. புத்தகங்களை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே மோட்டார் வைத்து ஒரு சின்ன அருவி ஓடும். மையத்தின் இயக்குநர் இருபத்தாறு வருடம் மண்ணை ஆராய்ச்சி செய்த பேராசிரியர். மனிதர்கள் பக்கம் இப்போதுதான் வந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "தங்கள் வலியைப் பகிர்ந்துகொண்டமைக்கு மையம் மகிழ்ச்சியடைகிறது. வரும் புதன்கிழமை நடைபெறும் 'மூச்சும் பணியும்' பயிலரங்கில் கலந்துகொண்டு பயனடையவும்." இதே கடிதம் எனக்கும் வந்தது. நான் எந்த வலியையும் பகிர்ந்துகொள்ளவில்லை. எல்லாருக்கும்தான் வந்தது.

புதன்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டோம். அதுவரை நாங்கள் விட்டுக்கொண்டிருந்த மூச்சு தவறானது என்று இயக்குநர் புரிய வைத்தார்.

"நீங்க எல்லாரும் வேலை செய்யறதா நினைச்சுட்டு இருக்கீங்க. இல்ல. வேலைதான் உங்களைச் செய்யுது" என்றார். கூடத்தில் பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்த பதிவாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அக்கா மட்டும் கைதட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவது?

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தாள். "ஐயா, நான் கை வலின்னுதான் எழுதிக் குடுத்தேன். மூச்செல்லாம் நல்லாத்தான் வருது."

இயக்குநர் சிரித்தார். "அருமையான கேள்விம்மா. கை எங்க இருக்கு?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். "இங்கதான் ஐயா."

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க. கை மனசுல இருக்கு." மறுபடி கைதட்டல்.

மறுநாள் காலை அக்காவின் மேசையில் ஒரு கட்டு வந்து இறங்கியது. 'மூச்சும் பணியும்' பயிலரங்கில் பங்கேற்றமைக்கான சான்றிதழ்கள், எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் மேலே, 'சான்றிதழ்' என்ற சொல் நடுவே, பொன் எழுத்தில். அக்கா கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, மூச்சு விட்டதுக்கும் முத்திரை வேணுமா?"

விதிப்படி வேண்டும். நான் தலையைச் சொறிந்தேன். அக்கா இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள்.

அதன் பிறகு நல மையம் மூச்சு விடாமல் வேலை செய்தது. 'நாற்காலியில் அமரும் கலை' என்று ஒரு பயிலரங்கு. அதற்காக எங்கள் பிரிவு நாற்காலிகளைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நாலு நாள் நாங்கள் நின்றுகொண்டே வேலை பார்த்தோம். 'அலுவலகத்தில் சிரிப்பு' என்று ஒன்று. அதில் கணக்குப் பிரிவுக்காரர் சிரிக்க மறுத்துவிட்டதால் அவருக்கு மட்டும் இரண்டாம் முறை நடத்தினார்கள். 'கேட்கும் திறன்' பயிலரங்கில் ஒலிபெருக்கி பழுதாகிப் போனது, ஆனாலும் அனைவரும் தேர்ச்சி. தோட்டக்காரருக்கு 'இயற்கையோடு இணைதல்' கட்டாயம் என்றார்கள். அவர் செடிகளைக் காயவிட்டுவிட்டு மூன்று நாள் குளிர்சாதன அறையில் இருந்து வந்தார்.

முதலில் ஆட்கள் வேண்டாவெறுப்பாகத்தான் போனார்கள். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் ஒன்றுக்கு இரண்டு புள்ளி என்று அடுத்த சுற்றறிக்கை வந்ததும், இடம் பிடிக்கக் கைக்குட்டை போட ஆரம்பித்தார்கள். நானும் போட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னிடம் பதினோரு சான்றிதழ் இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாங்கியதும் முத்திரை நன்றாகப் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் பைக்குள் வைத்தேன். எதிர் மேசையில் அதை அழுத்தியவள் கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வழக்கமாக ஒரு வருடம் முழுக்க நாலாயிரம் முத்திரை விழும். இப்போது இரண்டே மாதத்தில் நாலாயிரம் விழுந்தது. அக்கா இன்னும் மூன்று விண்ணப்பம் கொடுத்தாள். மூன்றுக்கும் மூன்று பயிலரங்கு கிடைத்தது.

ஒருநாள் அவள் பின்னல் கோணலாக இருந்தது. இன்னொரு நாள் காதுக்கு மேலே ஏறி நின்றது. நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அவர்தான் பின்னி விடறாரு" என்றாள் அக்கா. "எனக்கு மூணா பிரிச்சுப் பிடிக்க முடியல தம்பி. அவருக்கு லிஃப்ட் கயிறு முறுக்கித்தான் பழக்கம். முடியையும் அப்படியே முறுக்கறாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அந்த வாரம் அவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வேலைக்குப் போகும் சட்டையோடேயே வந்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு நல மையத்துக்குப் போனார். கோப்பு எடுத்துவரும் சாக்கில் நானும் போனேன்.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கோப்பை வெந்நீர் கொடுத்தார். டீயைக் கைவிட்டவர்களுக்குத் தனிச் சான்றிதழ் இருந்தது.

"சார், ஆறு வாரம் கேட்டா. கேட்டு நாலு மாசம் ஆச்சு" என்றார் கணவர்.

"ஐயா, நீங்க பிரச்சினையைப் பாக்கறீங்க. நான் வளர்ச்சியைப் பாக்கறேன்" என்று சொல்லிச் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார் இயக்குநர். ஒரு சிவப்புக் கோடு தரையில் புறப்பட்டு விட்டத்தை நோக்கிப் போயிருந்தது. "இந்த மையம் வர்றதுக்கு முந்தி நம்ம பல்கலைக்கழகத்துல நலமா இருந்தவங்க எண்ணிக்கை பூஜ்ஜியம். இன்னிக்கு ஆறாயிரத்து நானூறு!"

கணவர் அக்காவைப் பார்த்தார். "இங்க வேலை பாக்கறவங்களே ஆயிரத்துச் சொச்சம் பேர்தானே சொன்னே?"

"ஆமா. ஒவ்வொருத்தரும் சராசரியா ஆறு தடவை நலமாயிருக்காங்க" என்றார் இயக்குநர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அந்த ஆறாயிரத்து நானூறையும் இவ கைதான் சார் அழுத்துச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். இத்தனை பேரோட நலத்துல அம்மாவோட கை இருக்கு. இதைவிட மருந்து உண்டா?"

ஏழாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, எனக்குப் புள்ளி வேண்டாம். பதவி உயர்வு வேண்டாம். கை மட்டும் போதும்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நல்ல மனிதர்தான், அதுதான் வேதனை. "அம்மா, நீங்க என் கண்ணைத் திறந்துட்டீங்க. கைக்குன்னு நாம இதுவரைக்கும் ஒண்ணுமே பண்ணல. பண்ணுவோம்" என்றார். அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அக்கா நம்பிக்கையோடு வெளியே வந்தாள். வாசலில் கணவரிடம், "பாத்தீங்களா, எடுத்துச் சொன்னா கேக்கறாரு" என்றாள்.

"விட்டுடு. வேலையே வேண்டாம்" என்றார் அவர்.

"விட்டுட்டு? உங்க முதுகு இன்னும் எத்தனை வருஷம் கயித்துல தொங்கும்?"

அவர் பேருந்து நிறுத்தம் வரை அவளுடைய பையைச் சுமந்துகொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை 'கை நல வாரம்' அறிவிக்கப்பட்டது. வாசல், உணவகம், மாடிப்படி, கழிப்பறைக் கதவு எங்கும் சுவரொட்டி. அதில் இருந்தது அக்காவின் கைதான். விண்ணப்பத்தோடு அவள் இணைத்திருந்த படத்தை எடுத்துப் பெரிதாக்கி, வீக்கத்தை மட்டும் அழித்திருந்தார்கள். கீழே 'என் கை, என் பொறுப்பு' என்று வாசகம். துணைவேந்தரே தொடங்கி வைத்தார். அக்காவை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளால் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, நழுவியது. துணைவேந்தர் எடுத்து மறுபடி போர்த்தினார். போட்டோக்காரர் இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டார்.

நிபுணர் ஒருவர் வந்து ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார். ஐந்து நாள் அமுக்கினோம். இரட்டைப் புள்ளி என்பதால் ஆயிரத்து நூற்று ஆறு ஊழியர்களும் வந்திருந்தார்கள். ஓய்வு பெற்றுப் போன இரண்டு பேர்கூடப் பழக்கதோஷத்தில் வந்து அமுக்கினார்கள். அக்காவும் மேடையில் உட்கார்ந்து பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அமுக்கவில்லை. பந்து ஒவ்வொரு முறையும் உருண்டு துணைவேந்தரின் காலடிக்குப் போனது.

கடைசி நாள் ஒரு நல்ல செய்தி வந்தது. இயக்குநர் மேடையிலேயே படித்தார்: கை நல வாரத்தை நிறைவு செய்தவர்கள், முத்திரையிட்ட சான்றிதழை இணைத்து விண்ணப்பித்தால், ஆறு வாரத்துக்கு மாற்றுப் பணி வழங்கப் பரிசீலிக்கப்படும். கூட்டம் ஆர்ப்பரித்தது. அக்கா எழுந்து இரண்டு கையையும் கூப்பினாள். ஒன்று சரியாகக் குவியவில்லை.

திங்கட்கிழமை காலை சான்றிதழ்கள் வந்தன. ஐந்து கட்டுகள், அவற்றோடு பதிவேடு. பதிவேட்டில் இருக்கிற வரிசைப்படிதான் முத்திரை விழ வேண்டும், ஒன்று முன்பின்னாகப் போனாலும் மொத்தமும் செல்லாது. இதுவும் பழைய விதி. வரிசையோ பதவிப்படி. துணைவேந்தர் ஒன்று, பதிவாளர் இரண்டு, பேராசிரியர்கள், இணைப் பேராசிரியர்கள் என்று இறங்கிக்கொண்டே போய், முத்திரையக்கா தொள்ளாயிரத்து நான்கு.

அக்கா பதிவேட்டில் விரல் வைத்துத் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு மேலே பார்த்தாள். அவளுக்கும் அவள் ஓய்வுக்கும் நடுவில் தொள்ளாயிரத்து மூன்று கைகள் நலமாக நின்றன.

"இதுதான் கடைசி தம்பி" என்றாள். "இது முடிஞ்சா ஆறு வாரம்."

முதல் நாள் இருநூற்று நாற்பது. மறுநாள் நூற்று எண்பது. மூன்றாம் நாளிலிருந்து கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. துண்டைச் சுருட்டி அதன்மேல் வைத்து முழங்கையால் அழுத்தினாள். டக். பிறகு எழுந்து நின்று தோளால் அழுத்தினாள். டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பேராசிரியரின் கை நலமானது. எண் எழுநூறு தாண்டியபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பெரியவரின்மேல் சாய்ந்து நின்றாள், கொஞ்ச நேரம் அசையவில்லை.

"அக்கா, விடுங்க, நான் அழுத்தறேன்" என்று நான் எழுந்தேன். கையையும் நீட்டினேன். நீட்டிக்கொண்டே கதவைப் பார்த்தேன். வேறு ஆள் பெரியவரைத் தொட்டால் தொட்டவனுக்கும் வேலை போகும், தொடவிட்டவளுக்கும் போகும். நான் கதவைப் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் தம்பி, உக்காருங்க" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

நான் உட்கார்ந்துவிட்டேன். என் சான்றிதழின் எண் எண்ணூற்று ஐம்பத்தெட்டு. அதற்கும் டக் என்ற சத்தம் வந்தது. அந்த ஒரு சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆறாம் நாள் மாலை தொள்ளாயிரத்து நான்காவது காகிதத்தைப் பெரியவரின் வாயில் கொடுத்தாள். அதில் இருப்பது தன் பெயர்தானா என்று ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். கைப்பிடியின்மேல் மார்பை வைத்து, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பும்படி மொத்த உடம்போடு விழுந்தாள். அந்த அறையில் நான் கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். முத்திரை அச்சு அசலாக விழுந்திருந்தது, ஒரு எழுத்துகூட மங்கவில்லை. அதன் பிறகு மிச்சம் இருந்த இருநூற்று இரண்டையும் அப்படியே விழுந்து விழுந்து முடித்தாள். கடைநிலை ஊழியர்கள் பாவம், அவர்களுக்கும் புள்ளி வேண்டும் என்றாள்.

சான்றிதழை இணைத்து விண்ணப்பம் கொடுத்தாள். நான் எண் போட்டு, தபால் கொண்டுபோகும் பையன்களிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போய் நல மையத்தில் கொடுத்தேன். அதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

பதில் வரப் பத்து நாள் ஆனது. அதற்குள் அக்கா டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். டாக்டர் விரலை மடக்கச் சொன்னாராம், மடங்கவில்லை. நிமிர்த்தச் சொன்னாராம், நிமிரவில்லை. "இனிமே ஓய்வுக்குச் சீட்டு எழுதிப் பிரயோஜனம் இல்ல. ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம், ஆனா உறுதி சொல்ல மாட்டேன்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மையத்தின் கடிதம் என் மேசைக்குத்தான் முதலில் வந்தது. படித்தேன்.

"தாங்கள் இணைத்துள்ள சான்றிதழை மையம் கவனமாகப் பரிசீலித்தது. அதில் பதிந்துள்ள முத்திரை மிகத் தெளிவாகவும் ஆழமாகவும் உள்ளது. இத்தகைய முத்திரையைப் பதித்த கை பூரண நலத்துடன் இருப்பதை மையம் மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறது. இது கை நல வாரத்தின் சிறந்த வெற்றி. ஆகவே மாற்றுப் பணிக்கான தேவை எழவில்லை."

கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நான் எண் போட்டேன். பதிவேட்டில் ஏற்றி, கடிதத்தையும் பதிவேட்டையும் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்தாள். பிறகு என்னிடம், "முத்திரை நல்லா விழுந்தது தப்பாப் போச்சு, பாருங்க" என்றாள்.

கடிதம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தாள். விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மை அட்டையை இழுத்து, இடது பெருவிரலை ஒற்றிப் பதிவேட்டில் வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் மை வைத்துப் பதித்த முத்திரை அது ஒன்றுதான்.

மாதக் கடைசியில் பதிவேடுகள் தணிக்கைக்குப் போகும். போயின. அடுத்த வாரம் தணிக்கைக் குறிப்பின் பேரில் நல மையத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தேர்வுப் பிரிவின் முதுநிலை ஊழியர் ஒருவர் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது என்றும், இது அவருடைய குற்றமல்ல, வாய்ப்பின்மையே காரணம் என்றும், எந்த ஊழியரும் பின்தங்கிவிடக் கூடாது என்பது மையத்தின் கொள்கை என்றும் எழுதியிருந்தது. ஆகவே அவரைப் பன்னிரண்டு நாள் 'எழுத்தறிவோம்' அடிப்படைப் பயிற்சிக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். பயிற்சியின் முடிவில் சான்றிதழ் வழங்கப்படும்.

இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அரை மணி நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது, கொடுத்தேன்.

அக்கா படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். கடிதத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டாள்:

"எத்தனை பேரு தம்பி இதுக்கு?"

"நீங்க ஒருத்தர்தான்கா."

"ஒண்ணே ஒண்ணுதானே?" என்றாள் அக்கா. மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "அப்ப பரவாயில்ல." இடக்கையால் இழுப்பறையைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.